மணியாச்சியில் மாறிய வண்டி

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கக் குறுக்குத்துறை ஆற்றுக்குப் போனவர்கள் குடத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் சங்குச் சத்தம் கேட்டதும் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ஒப்பாரியைப் புதிதாக எடுத்தார்கள். கோமு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"ஏட்டி, ஒரு வார்த்த சொல்லி அழு. நாலு பேரு பாக்காங்கல்லா" என்று காதோரம் சொன்னாள் நாத்தனார் சொர்ணாம்பாள்.

எதைச் சொல்லி அழுவது? புருஷனைப் பற்றிப் பாடுவதற்கு அவனோடு குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் காந்திமதிநாதன் வீட்டில் இருந்ததையெல்லாம் கூட்டினாலும் பதினைந்து மாசம் தேறாது. மற்ற நாளெல்லாம் ரங்கூனில், யாரோ ஒரு துரையின் மரக்கிடங்கில்.

அந்தத் தெருவில் ரங்கூன் என்று சொல்ல அவன் ஒருவன்தான். மற்ற ஆம்பிளைகளுக்கெல்லாம் கொழும்பு. சாயங்காலம் தூத்துக்குடியில் கப்பலேறினால் மறுநாள் கொழும்பில் பல் தேய்க்கலாம். சென்னைப் பட்டணத்தைவிடப் பக்கம். ஆனித் தேருக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை வந்து, வாசனை சோப்பு கொடுத்து, பெண்டாட்டியோடு தெருவே கேட்கும்படி சண்டையும் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தச் சண்டைகளைக்கூடக் கோமு பொறாமையோடுதான் கேட்டுக்கொண்டிருப்பாள். ரங்கூன்காரன் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வந்தான். அங்கே சம்பளம் கூடவா என்றால் அதுவும் கிடையாது. பிறகு ஏன் போனான்? என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் என்று கோமு என்றைக்கோ தீர்ப்பு எழுதிவிட்டாள்.

அதற்குச் சாட்சியும் வைத்திருந்தாள். புறப்படும்போது ஒரு தடவைகூட அவன் 'போயிட்டு வாரேன்' என்று சொன்னதில்லை. அவள் கண் விழித்துப் பார்க்கும்போது பெட்டி இருக்காது, ஆள் இருக்கமாட்டான், புறவாசல் கதவு திறந்து கிடக்கும். சாவு விழுந்த துட்டி வீட்டிலிருந்துதான் மனுஷர் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பு காய்ச்சலோடு வந்து படுத்தான். இந்தத் தடவை கேட்டே விடுவது என்று தினமும் நினைத்தாள். கஞ்சி குடிக்கட்டும், காய்ச்சல் இறங்கட்டும் என்று தினமும் தள்ளிப்போட்டாள். இன்று காலையில் கஞ்சியோடு வந்து நின்றபோது பதில் சொல்ல ஆள் இல்லை.

குளிப்பாட்டுவதற்காக ஆண்கள் அவனை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோமு எழுந்து போய் அடுக்களைச் சுவரோரம் உட்கார்ந்தாள். நிலைக்கு வெளியே ஐயம்பெருமாள் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காந்திமதிநாதனின் சிறுவயதுச் சிநேகிதர். கொழும்பில் துணிக்கடையில் இருப்பவர். லீவில் வந்த இடத்தில் இந்தச் சாவு.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். யாருகிட்டயும் சொல்லாதலேன்னு சத்தியம் வாங்கியிருந்தான். இனி அந்தச் சத்தியம் யாருக்கு?"

கோமு நிமிர்ந்தாள்.

"மொத மட்டம் நாங்க ரெண்டு பேரும் கொழும்புக்குன்னுதான் சேந்து கெளம்புனோம். எங்க கடையிலயே அவனுக்கும் வேலை சொல்லி வச்சிருந்தேன். மணியாச்சியில எறங்கி தூத்துக்குடி வண்டிக்கு மாறணும்லா? இவன் பெட்டி மேல உக்காந்துட்டான். 'ஏலே, கொழும்புன்னா வருசத்துக்கு ரெண்டு மட்டம் வீட்டுக்கு வரணும். ரெண்டு மட்டம் வந்தா ரெண்டு மட்டம் கெளம்பணும். இன்னைக்கு ஒருக்க கெளம்புனதுக்கே உசிரு போயிட்டு. என்னால ஏலாதுலே'ன்னான். எதுத்தாப்புல பட்டணத்து வண்டி நின்னுது. அதுல ஏறிட்டான். அங்கன போயி ரங்கூன் கப்பலு."

"அழுதாகளா?"

"மூஞ்சியத் தொடச்சிக்கிட்டே இருந்தான். கேட்டா, கண்ணுல கரித்தூளு விழுந்துட்டுன்னான்."

கோமுவுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"அவுகளுக்கு நோவு கொறையணும்னு நாலு வருசத்துக்கு ஒருக்கன்னு வச்சுக்கிட்டாக. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாகளா அண்ணாச்சி? நான் வருசத்துக்கு ரெண்டு மட்டம் அழுதிட்டுப் போறேன். எனக்கென்ன?"

ஐயம்பெருமாள் மேல்துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். பிறகு முற்றத்துப் பக்கம் போய்விட்டார்.

பன்னிரண்டு வருஷமாக வைத்திருந்த தீர்ப்பு ஒரு நிமிஷத்தில் தப்பாகிவிட்டது. இந்த மூன்று வாரத்தில் ஒரு நாள் வாயைத் திறந்து கேட்டிருந்தால் தெருவே கேட்கும்படி ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். அந்தக் கொடுப்பினையும் அவளுக்கு இல்லாமல் போயிற்று.

பாடையைத் தூக்கினார்கள். பிள்ளை இல்லாததால் காந்திமதிநாதனின் அண்ணன் மகன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். கருப்பந்துறைச் சுடுகாட்டுக்கு ஆண்கள் மட்டும்தான் போவார்கள். பெண்களுக்குத் தெருமுனை வரைக்கும்தான் வழக்கம். அங்கே எல்லாரும் நின்றதும் கோமு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவன் புறப்பட்டுப் போவதை அவள் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"போயிட்டு வாங்க" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

ஒப்பாரி நின்றுவிட்டது.

"ஏட்டி, எந்த எடத்துல என்ன வார்த்த சொல்லுத!" என்று சொர்ணாம்பாள் அவள் வாயைப் பொத்தினாள். பாடை தூக்கியவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. சங்குச் சத்தம் ஆற்றுப் பக்கம் தேய்ந்து போகும்வரை கோமு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

பொழுது சாயும்போது, வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். ஐயம்பெருமாளும் அப்படித்தான் போனார். வீட்டைக் கழுவிவிட்டுக் கோமு பின்கட்டுக்கு வந்தாள். புறவாசல் கதவு திறந்து கிடந்தது. அதைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.