யாருடைய ஆளும் இல்லாத நாள்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. வடலூரிலிருந்து நெய்வேலி வரும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் ஃபோனில் சொன்னாள்: "அன்னிக்கு நான் யாரோட ஆளும் இல்லியாம்டி." வலக்கையில் பெரிய கட்டு. ஆர்ச் கேட்டில் இறங்கிப் போய்விட்டாள்.

மீதியெல்லாம் என் இட்டுக்கட்டல். பெயர் செல்லக்கிளி என்று வைத்தேன், கம்மாபுரம் பக்கத்துக்காரி. அவள் சமைக்கிற விருந்தினர் இல்லத்தை டவுன்ஷிப்பில் தேடாதீர்கள். அதை நான் கட்டியது இந்தப் பத்தியில்தான்.

2

முதல் தொடக்கம்: யாரும் கூப்பிடாமலே, புளித்த மாவின் வாசம் இழுக்க, செல்லக்கிளி அந்த அடுப்படிக்கு...

(அழகாகத்தான் வந்தது. ஆனால் பொய். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: அந்த இல்லத்தில் வருஷா வருஷம் சமையல் காண்ட்ராக்ட் கைமாறும். பழைய காண்ட்ராக்டரின் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் வீட்டில் இருக்க வேண்டும். மூன்றாம் நாள் புதியவரின் சீருடை. அண்டா அதே அண்டா, இல்லத்து மேனேஜரும் அதே சக்கரபாணி. இரண்டு நாள் இடைவெளி எதற்கு? தொடர்ந்து வேலை பார்த்தேன், நிரந்தரமாக்குங்கள் என்று நாளைக்கு யாரும் வந்து நின்றுவிடக் கூடாதே, அதற்குத்தான்.

இந்த முறை கடைசி நாளில் செல்லக்கிளி, கை பழக்கத்தில், மறுநாளுக்கும் சேர்த்து மாவாட்டி வைத்துவிட்டாள். காண்ட்ராக்ட் முடிந்தது மாவுக்குத் தெரியுமா? காலையில் சக்கரபாணி ஃபோன் செய்தார்.

"செல்லக்கிளி, மாவு பொங்கி வழிஞ்சிக்கினு கெடக்குது. கெஸ்ட்டுங்க வேற உக்காந்துகினு இருக்காங்க. வந்து ஊத்திக் குடுத்துட்டுப் போயிடும்மா."

"இன்னிக்கு நான் வேலையில இல்லீங்களே சார்?"

"நம்ம எடம்தானே, யாரு கேக்கப் போறாங்க!"

வந்தாள். இட்லி அண்டாவின் மூடி வழுக்கியது. ஆவி வலக்கை முழுக்க அடித்தது.

3

செல்லக்கிளி வைத்தியச் செலவு கேட்டாள். "நேத்தோட முடிஞ்சிபோச்சும்மா" என்றார் பழைய காண்ட்ராக்டர் ஜெயப்பிரகாஷ். "நாளன்னிக்குத்தாம்மா ஆரம்பம். கை சரியாவட்டும், எடம் இருந்தா பாக்கலாம்" என்றார் புதியவர் ஹரி. வைத்தியமும் போச்சு, வேலையும் போச்சு என்று செல்லக்கிளி அழுதேவிட்டாள். எழுதும்போது எனக்கே பொறுக்கவில்லை.

(இங்கே கொஞ்சம் கட்டுரை, மன்னிக்கவும். ஒருவர் யாருடைய ஊழியர் என்று முடிவு செய்ய, சட்டம் சீருடையை மட்டும் பார்ப்பதில்லை. கூப்பிட்டது யார், வேலை சொன்னது யார், இடமும் அடுப்பும் யாருடையது என்றெல்லாம் கேட்கும்.)

அடைப்புக்குறிக்குள் நான் முணுமுணுத்ததைச் செல்லக்கிளி எட்டிப் படித்துவிட்டாள். நேரே சக்கரபாணியிடம் போனாள்.

"நடுவுல காண்ட்ராக்டர்னு யாருமே இல்ல. நீங்க கூப்ட்டீங்க, உங்க அடுப்பு. அப்போ அன்னிக்கு ஒரு நாளு நான் இந்த எடத்துக்கே நேரா ஆளுதானே சார்?"

யாரும் உரிமை கேட்டு வந்துவிடக் கூடாது என்று வைத்த அந்த இடைவெளியே இல்லத்தின் கழுத்தில் வந்து விழுந்தது. சக்கரபாணி மறுத்தார்; செல்லக்கிளி புகார் எழுதிக் கொடுத்தாள்.

4

தொழிலாளர் துறை அலுவலர் முன்னால் விசாரணை.

"ஃபோன் பண்ணது வாஸ்தவம்ங்க" என்றார் சக்கரபாணி. "ஸ்டோர் சாவி எங்கன்னுதான் கேட்டேன். அவங்களா வந்தாங்க. இந்தக் கதையோட முதல் தொடக்கத்துலயே இருக்குது, பாருங்க!"

அடித்துப்போட்ட வரியைப் போய்ப் பொறுக்கியிருக்கிறார் மனுஷன்!

முடிவு அ: சக்கரபாணி மனம் திருந்தி... (சரிப்படாது. ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கிறது அவருக்கு.)

முடிவு ஆ: செல்லக்கிளி தலையைக் குனிந்துகொண்டு... (குனியமாட்டேன் என்கிறாள்.)

"நீங்களாவது சொல்லுங்க சார்" என்று என்னைப் பார்த்தாள். நான் சொன்னால் எடுபடுமா? இட்டுக்கட்டுகிற ஆள் என்று முதல் பகுதியிலேயே வாயை விட்டுவிட்டேன்.

ஆனால் இதைப் படிக்கிற நீங்கள் எதையும் இட்டுக்கட்டவில்லை. அந்த ஃபோன் வந்தபோது நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள், ஒரு வார்த்தை விடாமல் கேட்டீர்கள். செல்லக்கிளி கட்டுப்போட்ட கையோடு உங்கள் பக்கம் திரும்பிவிட்டாள். அலுவலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களிடம்தான் கேட்கிறார்:

"சொல்லுங்க, அன்னிக்கு இந்தம்மாவை யாரு கூப்ட்டது?"