அடைப்புக்குறிக்குள் ஒரு மூத்த மகன்

1.

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. பழுதான மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மருதனார்மடத்தில் ஒரு மாடிக்கடைக்குப் போனேன்; கணினி திருந்தவில்லை, கதை கிடைத்தது. சொன்னவர் அங்கே வேலை செய்யும் ஷரோன். மரண அறிவித்தல்களைத் தானாகவே எழுதித் தரும் இணையத்தளம் ஒன்றை அவர் செய்திருந்தார். பிள்ளைகளின் பெயர்களைத் தரவுத்தளத்தில் பதிந்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே வரியாக ஒட்டி, "ஆகியோரின் பாசமிகு தந்தையும்" என்று முடித்துக் கொடுத்துவிடும்.

நான் எழுதிய முதல் வரி இது:

தெல்லிப்பழைக்கு மேல் கரிய முகில்கள் திரண்டிருந்த அந்தத் துயரமான—

(வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில். செத்த கதிரவேலு தொண்ணூறு தாண்டியவர். இடியப்பம் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் சொதி கேட்டுவிட்டுத்தான் போனார்.)

2.

கதிரவேலுவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் கோபிசங்கர், கனடாவில். அடுத்தவர் உதயகலா, கடைசிக் காலத்தில் தகப்பனைக் குளிப்பாட்டி, ஊட்டி, ஆஸ்பத்திரி மர வாங்கில் நித்திரை முழித்தவர். கடைக்குட்டி டினேஸ், லண்டனில். உதயகலா பெயர்களை வயதுப்படி பதிந்தார். அறிவித்தலும் அப்படியே வந்தது. பிறகு கனடாவிலிருந்து ஷரோனுக்குத் தொலைபேசி வந்தது.

"பிள்ளை, என்ரை பேருக்குப் பக்கத்திலை கனடா எண்டு போடும்."

ஷரோன் போட்டார். அறிவித்தல் மாறியது: "உதயகலா, டினேஸ், கோபிசங்கர் (கனடா) ஆகியோரின் பாசமிகு தந்தையும்".

தொலைபேசி மறுபடி அடித்தது.

"கொள்ளி வைக்கப்போறவன்ரை பேர் கடைசியிலையோ? உதைத் திருத்தாட்டி நான் பிளேனிலை ஏறமாட்டன்!"

தரவுத்தளத்துக்கு அண்ணன் தம்பி தெரியாது. வரிசை கேட்காவிட்டால் கைக்கு வந்தபடி எடுத்துத் தரும். இவ்வளவு நாளும் பெயர்கள் பதிந்த ஒழுங்கிலேயே கிடந்தன, வந்தன. ஒன்றைத் திருத்தியதும் அந்தப் பதிவு எழும்பிப்போய்க் கடைசியில் குந்திவிட்டது.

ஷரோன் கட்டளையின் முடிவில் 'ஓடர் பை' என்று சேர்த்தார். வரிசைப்படுத்து என்று அர்த்தம். ஒன்றும் அசையவில்லை. முடிவில் போட்டால் அது அறிவித்தல்களைத்தான் வரிசைப்படுத்தும். ஓர் அறிவித்தலுக்குள் ஒட்டப்படும் பெயர்களைத் தொடாது. பெயர்களை ஒட்டுகிற கட்டளையின் அடைப்புக்குறிக்கு உள்ளேயே அதைச் சொல்லவேண்டும்.

(இந்த இடத்தில் ஷரோனைக் கொஞ்சம் அழவைக்கலாம் என்று பார்த்தேன். அழவில்லையாம். ரோல்ஸ் சாப்பிட்டாராம்.)

3.

அடைப்புக்குறிக்குள் பிறந்த திகதிப்படி வரிசைப்படுத்தினார். மீண்டும்: உதயகலா, டினேஸ், கோபிசங்கர் (கனடா).

பிறந்த திகதியை அவரவரே அனுப்பியிருந்தார்கள். ஷரோன் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அங்கிள், நீங்கள் தந்த திகதிப்படி டினேஸ் அங்கிளுக்கு நீங்கள் தம்பி."

அந்தப் பக்கத்துக் குரல் தணிந்து வந்தது.

"அது... பாஸ்போட் திகதி, பிள்ளை. அந்த நாளையிலை ஏஜென்ற் வயசைக் குறைச்சுத்தான் அனுப்பினவன்."

"அப்ப உண்மையான திகதியைச் சொல்லுங்கோ, மாத்திவிடுறன்."

"ஐயோ! கனடாக்காரன் பாத்திட்டான் எண்டால்?"

"சரி, திகதி வேண்டாம். உங்களுக்கு ஒண்டு, உதயகலா அன்ரிக்கு ரெண்டு எண்டு இலக்கம் போடட்டோ?"

"அதுவும் மூத்தவன் எண்டு காட்டிக்குடுக்கும். என்னை முன்னுக்குப் போடும். ஆனா நான் மூத்தவன் எண்டு தெரியக்கூடாது."

(இந்த வசனத்தை நான் கூட்டி எழுதவில்லை. குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.)

4.

ஷரோன் மடிக்கணினியோடு ஸ்கூட்டியில் செத்தவீட்டுக்கே போய்விட்டார். உதயகலா வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், பிரேதம் உள்ளே இருப்பதையும் மறந்து சிரித்துவிட்டார்.

"பள்ளிக்கூட பஸ்ஸிலையும் அண்ணை முன் சீற்றுக்குத்தான் அடம்பிடிக்கிறவர். அகரவரிசையிலை போடும், பிள்ளை. அதுக்கு வயசு தெரியாதுதானே."

யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை. கை தேத்தண்ணியைத்தான் ஆற்றிக்கொண்டிருந்தது. ஷரோன் தட்டினார். திரையில் வந்தது: "உதயகலா, கோபிசங்கர் (கனடா), டினேஸ் ஆகியோரின் பாசமிகு தந்தையும்".

உதயகலா கையைச் சேலையில் துடைத்தார். கிட்ட வந்து வாசித்தார். இன்னொரு தரமும் வாசித்தார்.

"ஐயோ, என்ரை பேரை முன்னுக்குப் போட்டிருக்கு. இது சரிவராது."

"நான் போடேல்லை அன்ரி. அகரவரிசை."

"ஓமோ?" என்றார். பிறகு மாற்றச் சொல்லவில்லை.

அகரவரிசை என்றதும் கோபிசங்கர், யார் முன்னுக்கு என்று கேட்காமலே ஒத்துக்கொண்டார். அகரவரிசையில் எந்த நாட்டுக்காரனும் வயது பிடிக்கமுடியாது. டினேஸ் மட்டும் லண்டனிலிருந்து செய்தி போட்டார்: "ரெண்டு தரம் நான் நடுவிலை நிண்டனான். அதின்ரை படம் ஒண்டு அனுப்புங்கோ."

5.

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

அ. கோபிசங்கர் தங்கையைக் கட்டிப்பிடித்து அழுதார்— (சீனி கூடிவிட்டது.)

ஆ. ஒழுங்கைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைத் தமிழ் தெரிந்த கனடா அதிகாரி ஒருவர்— (இது கோபிசங்கரின் பயம். என் கதை அல்ல.)

இ. உதயகலாவே தன் பெயரை இரண்டாவதாக மாற்றச் சொல்லி— (எழுதினேன். எனக்கே கோபம் வந்தது. கிழித்துவிட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வந்த வான் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியது. கோபிசங்கர் பெட்டியை இறக்க முதலே, அறிவித்தல் ஒட்டியிருந்த சுவருக்குப் போனார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். விரலை முதல் பெயரின் கீழ் வைத்தார், இரண்டாவதற்கு நகர்த்தினார், திரும்பவும் முதல் பெயருக்கே கொண்டுவந்து அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார். உதயகலா கேற்றடிக்கு வந்தார். கோபிசங்கர் வாயைத் திறந்தார்.

அவர் சொன்னதை ஷரோன் என்னிடம் சொல்லவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடவேண்டாம்: காது கேட்கிற தூரத்தில்தான் உதயகலா நிற்கிறார்.