செருப்ப வெளிய வுடு

கைப்பேசியை லாக்கரில் வைத்துப் பூட்டிய பிறகும் ஷீபா அந்தத் தகரக் கதவின் மேல் கையை வைத்தபடி நின்றாள். உள்ளே அது அதிர்ந்துகொண்டே இருந்தது. பின்னால் நின்ற பெண் "தள்ளுங்கக்கா, டைம் ஆவுது" என்ற பிறகுதான் நகர்ந்தாள். கம்பெனியில் வேலை நடக்கும் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. இனிச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் யார் என்ன எழுதினாலும் அவளுக்குத் தெரியாது. எழுதுகிறவர்களுக்கும் அவள் யாரென்று தெரியாது. 'சும்மா ஒரு கட்' என்ற பெயரில் யூடியூபில் இருப்பது ஒரு ஆண் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்திருந்தார்கள். டேய், ப்ரோ, தலைவா, அப்புறம் வாயால் சொல்ல முடியாத சில.

அவள் செய்தது இவ்வளவுதான். 'வான்காவலன்' என்று கோடையில் ஒரு படம் வந்தது. வேலை வெட்டி இல்லாத தம்பி, பேக்டரிக்குப் போகும் அக்கா. அரை மணி நேரத்துக்குள் பேக்டரி தீப்பிடித்து அக்கா செத்துப்போவாள். தம்பி வானத்தைப் பார்த்துக் கத்துவான், வானம் கிழியும், அவன் உடம்புக்குள் மின்னல் இறங்கும். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் பறப்பான். காஞ்சிபுரத்துத் தியேட்டரில் தன் தம்பி ஜோயலோடும் அவன் கூட்டாளிகளோடும் உட்கார்ந்து பார்த்தபோது ஷீபாவும் விசில் அடித்தாள். திரும்பி வரும் பஸ்ஸில்தான் ஏதோ உறுத்தியது. அந்த அக்காவுக்குப் பேரே இல்லை. ஸ்டேஷனிலும், ஆஸ்பத்திரியிலும், கல்லறையிலும்கூட அவள் 'அக்கா'தான்.

படம் போனுக்கு வந்ததும் ஒரு ஆப்பில் போட்டு வெட்ட ஆரம்பித்தாள். கம்பெனி பஸ்ஸிலும் வார லீவிலும் உட்கார்ந்து வெட்டினாள். முதலில் தீயை எடுத்தாள். தீ போனதும் கத்தலுக்கு அர்த்தம் இல்லாமல் போயிற்று, அதையும் எடுத்தாள். கத்தாதவன் ஏன் பறக்க வேண்டும்? கடைசியில் கையில் நின்றது அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு படம். அக்காவும் தம்பியும் யார் முதலில் குளிப்பது என்று சண்டை போடுகிறார்கள். அவள் டிபன் கட்டி வைக்கிறாள், அவன் தூங்குகிறான். அவள் வேலைக்குப் போகிறாள். திரும்பி வருகிறாள். மறுபடி போகிறாள், வருகிறாள். கடைசியிலும் வருகிறாள். அதற்கு 'அக்கா வூட்டுக்கு வந்துட்டா' என்று பேர் வைத்துப் போட்டாள். நாலு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். லட்சத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

கேமரா லென்ஸை வெளிச்சத்துக்குக் கீழே திருப்பித் திருப்பிக் கீறலும் தூசியும் தேடுவது அவள் வேலை. அன்று கண் லென்ஸில் நிற்கவில்லை. "இன்னாமா ஷீபா, ரெண்டு பீஸ் கீறலோட தாண்டிப் போயிருக்கு" என்று சூப்பர்வைசர் சக்திகுமார் வந்து தட்டைக் காட்டினார். "தூங்கலியா?"

"தல வலி சார்."

சாப்பாட்டு மணி அடித்ததும் லாக்கருக்கு ஓடினாள். கேன்டீன் மேசையில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருக்க, கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். 'மாஸ் சீன் எல்லாம் தூக்கிட்டு இன்னா படம்டா இது, சோப்பு விளம்பரமா?' 'ஒண்ணுமே நடக்கல. ஆனா அவ வரும்போதெல்லாம் பயந்துகினே இருந்தேன்.' 'என் தங்கச்சி சுங்குவார்சத்திரத்துல ஹாஸ்டல்ல இருக்கா. பாத்துட்டு போன் போட்டேன், இன்னா விஷயம்ன்னு கேட்டா, சொல்லத் தெரியல.' 'தலைவர் பறக்காத படம் படமே இல்ல. அட்ரஸ் தெரிஞ்சா வந்து ஒதைப்பேன்.' ஒதைப்பவனுக்குக் கீழே நூற்றுக்கணக்கில் கைதட்டல். தங்கச்சிக்காரனுக்கும் அதே அளவு.

எதிரில் வந்து உட்கார்ந்த மஞ்சுளா தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். சங்கரன்கோவில்காரி, அதே லைன். "ஏட்டி, இத பாத்தியா? எங்க ரூம்ல எல்லாவளும் இததான் பாக்காளுக. எவனோ வேலையில்லாத பய செஞ்சிருக்கான்."

"நல்லா கீதா?"

"நல்லாவா? ஒரு எழவும் இல்ல இதுல. ஆனா நா ரெண்டு தடவ பாத்துட்டேன்." மஞ்சுளா சோற்றைப் பிசைந்தாள். "கடைசில அவ வந்து கதவத் தட்டும்போது, ஏன்னு தெரியல, எங்க அம்மைய நெனச்சிட்டேன்."

நான்தான் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஷீபா அதைத் தண்ணீரோடு விழுங்கினாள். மஞ்சுளாவிடம் சொன்னால் பஸ்ஸுக்குத் தெரியும், பஸ்ஸுக்குத் தெரிந்தால் வல்லம் வடகாலில் இருக்கும் வீட்டுக்கும் தெரியும். வீட்டில் ஜோயல் இருக்கிறான்.

ஜோயல் அந்த நடிகரின் ரசிகர் குரூப்புக்கு அட்மின். ஒரகடத்தில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்டில் இருந்தவன். போன வருஷம் மெஷின் இறங்கி வலது கையில் இரண்டு விரல் போயிற்று. புண் ஆறியதும் வேறு வேலைக்கு இரண்டு இடம் போனான். இரண்டு இடத்திலும் முதலில் கையைத்தான் பார்த்தார்கள். அதற்குப் பிறகு போகவில்லை. வான்காவலனை மட்டும் ஆறு தடவை போய்ப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் அவள் பையைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டான். "யக்கா, ஒரு நாய் இன்னா பண்ணி வச்சிருக்கு பாரு. தலைவர் படத்த வெட்டி, மெகா சீரியல் ஆக்கி வச்சிருக்கான். பசங்க எல்லாம் ரிப்போர்ட் அடிச்சிகினு இருக்காங்க. உன் போன குடு, அதுலேந்தும் ஒண்ணு அடிக்கலாம்."

"சார்ஜ் இல்லடா."

"ப்ச். நான் இன்னும் முழுசா பாக்கல, கடைசித் துண்டு மட்டும் குரூப்ல வந்துச்சு. அதுல எவளோ ஒருத்தி கத்தறாளாம், ஒரிஜினல்ல கெடையாதாம், அது யாருன்னு கமெண்ட்ல ஒரே சண்ட." சத்தத்தைக் கூட்டி ஓடவிட்டான்.

ஷீபா அப்படியே நின்றாள். கடைசிக் காட்சியில் பழைய படத்தின் பின்னணி இசையைத் தூக்கியபோது கதவுச் சத்தமும் சேர்ந்து போய்விட்டது. அதனால் தங்கள் வீட்டு வாசலிலேயே போனை வைத்துப் பதிவு செய்திருந்தாள். தகரக் கதவு தரையைப் பிறாண்டித் திறந்தது. தொடர்ந்து ஒரு குரல், சலிப்பும் நிம்மதியும் கலந்து வந்தது: 'செருப்ப வெளிய வுடு.'

அடுக்களையிலிருந்து அம்மா அந்தோணிமேரி எட்டிப் பார்த்தாள். "யார்றா அது, என்ன மாதிரியே கத்தறது?"

ஜோயல் இன்னொரு தடவை ஓட்டினான். கதவு பிறாண்டியது. அவன் திரும்பி வாசல் கதவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பிறகு ஷீபாவைப் பார்த்தான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான்தானேடி அது! சினிமால வந்துட்டனா?" யாரும் சிரிக்காததால் கரண்டியோடு உள்ளே போய்விட்டாள்.

"நீயா?" என்றான் ஜோயல்.

அவள் தலையசைத்தாள்.

"ஏங்க்கா?" குரல் கோபமாகக் கிளம்பி நடுவில் உடைந்தது. "அவன் பறக்கறத எடுத்துட்டியே. அதுக்குத்தானே அந்தப் படமே. அந்த அக்கா சாவலேன்னா அவன் எப்படி எழுந்திருப்பான்?"

"அவ செத்தாதான் எழுந்திருப்பானா? உயிரோட சோறு கட்டிக் குடுத்துகினு இருந்தா எழுந்திருக்க மாட்டானா?"

சொன்ன பிறகுதான் அது யாருக்குச் சொன்னது என்று அவளுக்கே கேட்டது. ஜோயலின் வலது கை தானாகத் தொடைக்குக் கீழே போய் மறைந்தது. "நான் இன்னா தூங்கிகினா இருக்கேன்?" என்றான் மெதுவாக. பதிலுக்குக் காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். குரூப்பில் ரிப்போர்ட் அடிப்பதை நிறுத்தச் சொன்னானா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் போனைத் திறந்தாள். சாம்பல் நிறத் திரை. இந்த வீடியோ இப்போது கிடைக்காது. திட்டியவர்கள், தங்கச்சிக்குப் போன் போட்டவன், ஒதைக்க வருகிறேன் என்றவன், எல்லோரும் ஒரே அடியாகக் காணாமல் போயிருந்தார்கள். சேனலை மூடித் திறந்தாள், போனை அணைத்துப் போட்டாள். மஞ்சுளா அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அட, தூக்கிட்டானுவளா? நாசமாப் போறவனுவ" என்றாள். "நா எறக்கி வச்சிருக்கேன், அனுப்பட்டா?"

"வேணா மஞ்சு." பிறகு சொன்னாள், "அத செஞ்சது நாந்தான்."

மஞ்சுளா சோற்றுக் கையை உதறாமல் அவளையே பார்த்தாள். "போட்டீ, பொய் சொல்லாத" என்றாள். நம்பவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். ஜோயல் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் பையை வைப்பதற்குள் சொன்னான், "நிறுத்துங்கடான்னு ஒரு வார்த்த போட்டிருந்தா நின்னுருப்பானுங்க. போடல."

"தெரியும்."

"கோவமா கீதா?"

"கீது."

அவன் தலையை ஆட்டினான். தெருவில் ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. "அத முழுசா நான் பாக்கவே இல்லக்கா" என்றான். "உன்கிட்ட கீதா?"

ஷீபாவுக்கு இல்லை என்று சொல்லத் தோன்றியது. பிறகு போனில் வெட்டும் ஆப்பைத் திறந்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் முதலிலிருந்து பார்த்தான். குளிக்க முந்தும் சண்டையில் லேசாகச் சிரித்தான். தம்பி தூங்கும் இடத்தில் முகம் இறுகியது. படத்து அக்கா மூன்றாவது தடவை வேலைக்குக் கிளம்பும்போது, "இவ எங்கியாவது சாவப்போறான்னே தோணிகினு இருக்கு" என்றான். முடிந்ததும் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். திரையின் அடியில், வெட்டிப் போட்ட துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. அதில் ஒன்றில் விரல் வைத்தான். மேகத்துக்கு மேலே தனியாகப் போகும் ஒரு சின்ன உருவம்.

"இத மட்டும் வெக்கட்டுமா? சண்ட வேணாம், இடி வேணாம். சும்மா ஒரு வாட்டி பறக்கட்டும்."

"எங்க வெப்ப?"

அவன் அதைப் பிடித்து இழுத்தான். டிபன் கட்டும் காட்சியைத் தாண்டி, பஸ் கிளம்பும் இடத்தைத் தாண்டி, கதவு வரைக்கும் கொண்டுபோய், மறுபடி பின்னுக்கு வந்தான். ஷீபா அவன் தோளை ஒட்டிக் குனிந்தாள். விரலுக்கு அடியில் அந்த நீலத் துண்டு எங்கும் இறங்காமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டிருந்தது.