பாதி விலைத் தக்காளிச் செடி

சூப்பர்மார்க்கெட் வாசலில், தள்ளுவண்டிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஓர் இரும்பு அலமாரி உண்டு. விற்காமல் தேங்கிய செடிகளுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, பாதி விலைக்கு அதில் தள்ளிவிடுவார்கள். சோப்பும் ரொட்டியும் விற்கிறவர்களுக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற நேரம் ஏது? மூன்றே நாளில் எல்லாம் தலை தொங்கிப்போகும். அவளால் அந்த அலமாரியைத் தாண்டி நடக்க முடியாது. மலிவு என்பது பாதிக் காரணம்தான். வாடிய செடியைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது.

இப்படியே மூன்றாம் மாடி பால்கனியில் ஒரு ரோஜா, இரண்டு சாமந்தி, பெயர் தெரியாத கொடி ஒன்று என்று சேர்ந்துவிட்டன. பஸ் ஓட்டும் அவள் கணவன் வேலை முடிந்து வந்ததும் எட்டிப் பார்ப்பான். "வார்டுல இன்னைக்கு யாரு அட்மிட்டு?"

மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை அட்மிட் ஆனது ஒரு தக்காளிச் செடி. அதைத்தான் அவள் வாங்கியிருக்கக் கூடாது.

அவள் வேலை பார்ப்பது தக்காளி நாற்றுப் பண்ணையில். பெரிய பசுமைக்குடில், இருபத்திரண்டு வரிசை, குழித்தட்டுகளில் நாற்பதாயிரம் நாற்று. அங்கே சாப்பாட்டு டப்பாவில்கூடத் தக்காளி வரக் கூடாது. வீட்டிலும் தக்காளிச் செடி வளர்க்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். காரணம் தேமல் நோய். நோய் கண்ட இலையைத் தொட்ட கை இன்னொரு இலையைத் தொட்டால் போதும், ஒட்டிக்கொள்ளும். மருந்தே கிடையாது. பிடுங்கி எரிப்பதுதான் ஒரே வைத்தியம்.

இதெல்லாம் தெரிந்தும் வாங்கினாள். நாளெல்லாம் நாற்பதாயிரம் செடிக்கு ஆயா வேலை பார்க்கிறோம், நமக்கென்று ஒன்றே ஒன்று இருந்தால் குடி முழுகியா போகும் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி காயப்போடப் போனவள் கொழுந்தைப் பார்த்தாள். புது இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தது. இலை நுனி ஒடுங்கிச் சுருண்டிருந்தது. குடில் சுவரில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் படத்தைப் பெயர்த்து வந்து இங்கே வைத்த மாதிரி இருந்தது.

ஈரத்துணி கையிலேயே இருந்தது. வெயில்பட்டு இப்படி ஆகியிருக்கலாம். சத்துக் குறைவாக இருக்கலாம். நமக்கு என்ன தெரியும், எட்டு மாத அனுபவம்தானே. தன்னைத் தானே சந்தேகப்படுவது அவளுக்குப் பழக்கம். அன்று அந்தச் சந்தேகத்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். பிடி நிற்கவில்லை.

ஏனென்றால் கத்தரிக்கோல் ஞாபகம் வந்துவிட்டது. செடி வாங்கிய அன்று பண்ணையின் சின்னக் கத்தரிக்கோல் மறந்துபோய் அவள் பையிலேயே வீட்டுக்கு வந்திருந்தது. செடியின் பழுத்த இலைகளை அதால்தான் நறுக்கினாள். திங்கட்கிழமை அதே கத்தரிக்கோல் அவளோடு குடிலுக்குத் திரும்பிப் போனது.

"என்னாச்சு, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றான் கணவன்.

சொன்னாள்.

"அவ்வளவுதானே? கவர்ல கட்டி குப்பையில போடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு லாரி வருதுங்க. நாத்தெல்லாம் தோட்டத்துக்குப் போயிரும். அதுல நோய் இருந்தா, வாங்குறவங்க தோட்டம் மொத்தமும் போச்சு."

"இருந்தாத்தானே?"

"இருந்தா?"

"சொன்னா உன் வேலை போயிரும்."

"போயிரும்."

அவன் எழுந்து போய் பால்கனிக் கதவைச் சாத்தினான்.

மறுநாள் காலை அவள் இரண்டு தடவை குளித்தாள். நகத்தை ஒட்ட வெட்டினாள். பண்ணைப் பக்கமே போயிராத புடவையைத் தேடிக் கட்டினாள். ஓர் இலையை மட்டும் கிள்ளி மூன்று கவரில் போட்டுக் கட்டினாள். அவன் ஓட்டும் முதல் பஸ்ஸில் அவனுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி வந்தான். பண்ணை நிறுத்தத்தில் கதவு திறந்ததும், "இறங்குறியா?" என்று மட்டும் கேட்டான். 'அப்படியே உட்கார்ந்துகொள்' என்று அவன் சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பாள்.

குடில் மேற்பார்வையாளருக்கு அங்கே வேலை பார்க்கும் பெண்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. கழுத்தில் எப்போதும் லென்ஸ் தொங்கும். பொட்டு அளவு புள்ளியும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அவள் ஆபீஸ் அறைக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வா. ஏன் அங்கேயே நிக்கிற?"

"வரல மேடம். நான் வரக் கூடாது." கவரை வாசற்படியில் வைத்தாள். செடியை, ஸ்டிக்கரை, கத்தரிக்கோலை வரிசையாகச் சொன்னாள். திட்டுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, வாசற்படியிலேயே இலையைக் கசக்கிச் சாறெடுத்து, பரிசோதனைப் பட்டையை அதில் நிறுத்தினார். ஒரு கோடு வந்தால் பிழைத்தோம். இரண்டு வந்தால் போச்சு.

முதல் கோடு உடனே வந்தது. இருவரும் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் அவளுக்குக் காதுக்குள் கேட்டது. இரண்டாவது கோடு முதலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மங்கலாகத் தோன்றி, பிறகு கறுத்தது.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் மேடம்."

அவர் வேலைப் பதிவு நோட்டை இழுத்துப் புரட்டினார். யார் எந்த வரிசையில் வேலை பார்த்தார்கள் என்று அன்றன்றைக்கு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய நோட்டு அது. விரலை வைத்துக் கீழே இறக்கினார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"மூணு வாரமும் உன் பேர்ல மூணு, நாலு, அஞ்சு மட்டும்தான் இருக்கு. தப்பிச்சோம். அந்த மூணு வரிசையையும் பிடுங்கிரலாம். மீதியை ஏத்தி விட்டுடலாம். இப்ப சோதிச்சாலும் நாத்துல ஒண்ணும் தெரியாது, இந்த நோட்டை நம்பித்தான் போகணும்."

அவளுக்கும் மூச்சு வந்தது. மூன்று வரிசை. மற்றவர்கள் வேலை பிழைக்கும். ஒருவேளை அவள் வேலையும்கூட. தலையாட்டினால் போதும்.

ஆனால் அந்த நோட்டு எப்படி எழுதப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். அன்றன்றைக்கு யாரும் எழுதுவதில்லை. வெள்ளிக்கிழமை டீ நேரத்தில், வாய் ஓயாத ரேடியோ அக்கா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "உனக்கு மூணு நாலு அஞ்சு, எனக்கு ஆறு ஏழு, சண்டை போடாம கையெழுத்துப் போடுங்கடி" என்று பங்கு பிரிப்பாள். பதினொரு பேரும் சிரித்துக்கொண்டே போடுவார்கள். கூப்பிட்ட வரிசைக்கெல்லாம் அவள் கத்தரிக்கோலோடு ஓடியிருக்கிறாள். ஒன்பதா, பதினெட்டா? ஒவ்வொரு வரிசைக்கும் அதைக் கிருமிநாசினித் தண்ணீரில் முக்கினாளா? ராத்திரியெல்லாம் நாள் நாளாகப் பின்னோக்கிப் போய்ப் பார்த்துவிட்டாள். நினைவில் எல்லா வரிசையும் ஒரே பச்சையாகத்தான் இருந்தது.

சொன்னால் இது அவள் ஒருத்தியோடு போகாது; பொய்க் கையெழுத்துப் போட்ட எல்லாரும் மாட்டுவார்கள்.

"மேடம்," என்றாள். "அந்த நோட்டு பொய்."

பூதக்கண்ணாடி நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எல்லாரும் சேர்ந்து இஷ்டத்துக்கு எழுதுறதுதான். நான் எந்த வரிசையைத் தொட்டேன்னு எனக்கே தெரியாது. எல்லாத்தையும் தொட்டிருப்பேன்."

நோட்டை மூடினார். போனை எடுத்து லாரி வர வேண்டாம் என்று சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நான் முதலாளிகிட்டப் பேசணும்," என்றார். "ஏழு மணிக்கு ஆளுங்க வேன் வந்துரும். குடில் கதவுகிட்ட போய் நில்லு. ஒருத்தரையும் உள்ள விடாத. ஏன்னு நீயே சொல்லு."

கதவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிளாஸ்டிக் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பதாயிரம் நாற்றும் பார்க்க ஒரு குறையும் இல்லாமல் நின்றன. வேன் வந்தது. சத்தம் போட்டுக்கொண்டே பத்துப் பேர் இறங்கினார்கள்.

"என்னடி இது, மகாராணி வாசல்லயே வந்து வரவேற்கிறா?" என்றாள் ரேடியோ அக்கா. "ஆரத்தித் தட்டு எங்க?" என்று கதவுப் பிடியை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்கக்கா."

"ஏன், கரண்ட் அடிக்குதா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"வீட்டுல தக்காளிச் செடி வெச்சிருந்தேன். அதுக்குத் தேமல். இங்க பிடிச்சு அங்க வரைக்கும் எல்லாத்தையும் பிடுங்கணும்."

ரேடியோ அக்காவின் கை பிடியிலிருந்து மெல்ல விலகி முந்தானைக்குள் போனது. "என்னடி சொல்ற?" என்ற அவள் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "நோட்டைப் பார்த்தா உன் வரிசை எதுன்னு தெரிஞ்சிருமே. அதை மட்டும் பிடுங்குனாப் போதாதா?"

அவள் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"நோட்டைப் பத்தியும் சொல்லிட்டேன்கா."