புகை இல்லாத புகைக்கூண்டு

ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் மனுஷர்களைத் தங்கவைக்கலாம் என்ற அருமையான யோசனை என் வீட்டுக்காரர் ஜக்கையனுடையது. போடிமெட்டுப் பக்கத்துச் சரிவில் அவருடைய தாத்தா கட்டிய ஸ்டோர் அது. கல்சுவர், தேக்குக் கதவு. வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடு இரும்புக் குழாய்களில் அறைக்குள் ஓடும், புகை கூரைமேல் இருக்கும் கூண்டு வழியாக வெளியே போகும். கோடையில் காய் இல்லை, கட்டடம் சும்மா கிடக்கிறது, மதுரைக்காரர்களுக்கு விடலாம் என்றார். எனக்கு இஷ்டமே இல்லை. அவர் ஒன்றை நினைத்துவிட்டால் சாமி இறங்கி வந்து சொன்னாலும் கேட்கமாட்டார்.

எண்பத்திரண்டு வைகாசியில் முதல் விருந்தாளிகள் வந்தார்கள். ராஜாராம் என்ற கல்லூரி வாத்தியார், அவர் மனைவி, தவழுகிற பெண் குழந்தை. வந்ததும் வராததுமாக அந்தக் குட்டி என் கம்மலைப் பிடித்து இழுத்தது. எனக்கு வலித்தது, சிரிப்பும் வந்தது.

"இந்தக் கதவ யானை முட்டுனாலும் அசைக்க முடியாது சார்" என்று இவர் பெருமை அடித்துக்கொண்டார்.

மத்தியானம் காட்டைச் சுற்றப் போனவர்கள் மழையில் தொப்பலாக நனைந்து திரும்பினார்கள். குழந்தைக்குப் பல் இருந்திருந்தால் கிடுகிடுத்திருக்கும். கொஞ்சம் சூடு கிடைக்குமா என்று வாத்தியார் கேட்டதுதான் தாமதம், இவர் அடுப்பை மூட்டிவிட்டார்.

"லேசா புகை வாசம் அடிக்கும், பயப்படாதீக. தாப்பாளப் போட்டுட்டு நல்லாப் படுங்க."

காய் போட்டு அடுப்பை மூட்டினால் மேல் சாளரங்களை இறுக்கி அடைப்பது எங்கள் வழக்கம். நடுவில் கதவைத் திறந்தால் காயின் பச்சை போய்விடும். உள்ளே இருப்பது காய் அல்ல, மனுஷர் என்று யோசிக்காமல் இவர் கை தானாகச் சாளரங்களை அடைத்தது.

நான் எங்கள் வீட்டு அடுக்களையில் அவர்களுக்குக் கருப்பட்டிக் காபி போட்டு எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். மழை தூறலாகி மேகம் விலகியது. ஸ்டோர் கூரை தெரிந்தது. அடுப்பு தகதகவென்று எரிகிறது, கூண்டில் புகையைக் காணோம்.

கையிலிருந்த காபியை அங்கேயே கீழே வைத்தேன். கோடையில் கூண்டுக்குள் குருவி கூடு கட்டும். ஆடியில் அதைக் கலைத்து, குழாய் இணைப்புகளுக்கு நான் மண் பூசிய பிறகுதான் முதல் அடுப்பு எரியும். வைகாசியில் எங்கள் தலைமுறையில் யாரும் மூட்டியதில்லை. அப்படியானால் இவ்வளவு புகையும் எங்கே போகிறது?

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். சத்தமே இல்லை.

"ஏ செல்லத்தாயி, அசந்து தூங்குறாக. கதவத் தொறந்தா சூடு போயிரும்" என்றார் இவர்.

"மேல பாருய்யா! பொகையக் காணமே!"

பார்த்தார். கோடாரியைத் தூக்கிக்கொண்டு வந்து கதவில் போட்டார். தேக்கு அசையவில்லை. நான் எரிகிற விறகை இழுத்து மழையில் எறிந்தேன். கை வெந்தது அப்போது தெரியவில்லை. கம்மலை இழுத்த அந்தச் சின்ன விரல்கள்தான் கண்ணுக்குள் நின்றன. இவர் அழுதுகொண்டே வெட்டினார். "தாத்தா, ஒடஞ்சிரு, ஒடஞ்சிரு" என்று கதவைக் கெஞ்சினார்.

கடைசியில் கீல் பிய்ந்தது. உள்ளே கண் எரிந்தது. இவர் பெரியவர்களைக் காலைப் பிடித்து இழுத்தார். நான் குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். தலை என் கையில் துவண்டு கிடந்தது. முகத்தில் தூறல் விழுந்தது. முதுகைத் தட்டினேன், பெயர்கூடத் தெரியாமல் "ஆத்தா, ஆத்தா" என்று கத்தினேன். ஒரு விக்கல் வந்தது. பிறகு மலையே அதிர்கிற மாதிரி அழுதது.

ஈரத் தரையில் கிடந்த அதன் அம்மா இருமிக்கொண்டே அசைந்தாள். வாத்தியாரும் மெல்லக் கண்ணைத் திறந்தார். உடைந்த கதவையும் எங்களையும் பார்த்தார். முகத்தில் எரிச்சல்.

"எதுக்கும்மா எழுப்புனீங்க? இப்படி ஒரு தூக்கம் எனக்கு வந்ததே இல்ல."

அம்மாக்காரி கையை நீட்டிக் கேட்டும் குழந்தையை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.