கத்தரி விழுங்கிய பூஜ்யம்

அக்கா எழுதிய சின்ன நிரல் தொகுப்புக்கு அலுவலகத்தில் ‘கத்தரி’ என்று பெயர். “இது இருந்தால் அதைச் செய், இல்லாவிட்டால் இதைச் செய்” என்று படிக்கட்டுபோல் இறங்கும் நாற்பது வரி ஜாவாஸ்கிரிப்டை அது மூன்று வரியாக வெட்டிவிடும். நோயாளியின் தலைமாட்டில் நின்று நாடித்துடிப்பைக் காட்டும் கருவிகளுக்கு நிரல் எழுதும் நிறுவனம் அது. இரண்டு மேசை தள்ளித் தம்பி உட்கார்ந்திருந்தான். அலாரம் அவன் பொறுப்பு. அக்கா மேல் இருந்த பெருமையில் கத்தரியை அலாரம் நிரலுக்குள் கொண்டுபோய் வைத்தவனும் அவன்தான்.

ஒரு மருத்துவமனையில் ஒருவர் இறந்துபோனார். கருவி கத்தவில்லை.

அக்கா சோதனைக் கருவியின் முன் உட்கார்ந்தாள். துடிப்பு முப்பது என்று கொடுத்தாள், அலறியது. பூஜ்யம் கொடுத்தாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது: ‘வயர் கழன்றுள்ளது’. சத்தமில்லை.

கத்தரி முதலில் கேட்பது, “எண் ஏதாவது வந்திருக்கிறதா?” என்பதைத்தான். அதைச் சுருக்கமாகக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் பூஜ்யத்தையும் ஒன்றுமில்லாததையும் ஒன்றாகவே பார்க்கும். நின்றுபோன இதயம், கழன்ற வயராகிவிட்டது.

“டேய், தப்பு உன்னோடது இல்ல. கத்தரியோடது.”

“நேத்தே பாத்துட்டேன்க்கா.”

“பாத்துட்டு வாயப் பூட்டி வச்சிருந்தியா?”

“வீட்ல மாமாவுக்கும் வேலை இல்ல. நீங்க ரெண்டு பேரும் தெருவுக்கு வரணுமா? என் கவனக்குறைவுன்னு எழுதிக் கொடுத்துட்டேன். விடு.”

அவள் விடவில்லை. மேலாளர் அறைக்குள் போனாள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கத்தரின்னு சொன்னா எல்லா ஆஸ்பத்திரியிலயும் மெஷின நிறுத்தணும். கவனக்குறைவுன்னா ஒரு ஆளோட போயிரும். உங்க தம்பிக்குப் புரிஞ்சது உங்களுக்குப் புரியலயா?”

“அந்த மெஷின் எல்லாம் இப்பவும் ஓடிட்டு இருக்கு சார்.”

“அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம சரி பண்ணிருங்க.”

“அது அடுத்த மாசம்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்க்கத் தொடங்கினார்.

மாடிப்படியில் உட்கார்ந்து, கருவி ஓடும் மருத்துவமனைகளின் போன் எண்களைத் தேடி எடுத்து, பட்டியலில் முதலாவதற்கு அடித்தாள். தம்பி பின்னாலேயே வந்துவிட்டான்.

“அக்கா, இத நீ சொல்லிட்டா நான் எழுதிக் கொடுத்ததுக்கு அர்த்தமே இல்ல. ரெண்டு பேரும் போயிருவோம்.”

“போவோம்.”

மறுமுனையில் வார்டு நர்ஸ் எடுத்தாள். “உங்க மெஷினா? தங்கமான மெஷின்ங்க. பழசு சும்மா சும்மா கத்தி உயிர வாங்கும். இது காலையிலேர்ந்து வாயே தொறக்கல.”

“சிஸ்டர், எந்தத் திரையிலயாவது சாம்பல் கலர்ல ஒரு வரி இருக்கா?”

“ஓரத்துக் கட்டில்ல ஒண்ணு இருக்கு. வயர் கழண்டிருக்கும், புரண்டு படுத்திருப்பார். அப்புறமா மாட்டிக்கலாம்.”

“வயர விடுங்க. கையப் புடிச்சுப் பாருங்க. இப்பவே.”

“என்னங்க நீங்க, வேலை நேரத்துல...” என்றபடி ரிசீவரை மேசைமேல் வைத்தாள். மின்விசிறி சுற்றியது. யாரோ இருமினார்கள். செருப்பு தேயும் ஓசை மெதுவாக விலகிப்போய் நின்றது.

தம்பி அவள் பக்கத்துப் படியில் உட்கார்ந்து தன் காதையும் போனருகே கொண்டுவந்தான். அந்த ஓசை நடந்தே திரும்பி வர வேண்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

அது ஓடிவந்தது.