பன்னிரண்டு பொட்டலமும் ஒரு மன்னிப்பும்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். புத்தி பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இருபத்தெட்டு வருடமாக நாசி கண்டார் என்கிற சோறும் கறியும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். இந்த வாயை வைத்துக்கொண்டு கடை இத்தனை வருடம் ஓடியது கறியின் ருசியால்தான் என்று என் மனைவி சித்தி ஹாஜரா சொல்வாள். அது உண்மைதான், அதனால்தான் எரிச்சல்.

ஹாஜரா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஐம்பத்து மூன்று வயது. ஓய்வு பெற்ற மறுமாதமே ஸ்ட்ரெயிட்ஸ் கீ படகுத்துறையில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். வாரக் கடைசிப் பொழுதுபோக்கு என்று நினைத்து நானும் சும்மா இருந்தேன். நான்கு வருடம் கழித்து, ஒரு நாள் மதியம் கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். உலகத்தைச் சுற்றி எட்டுப் படகுகள் போட்டி போடுகின்றன. லிஸ்பனில் கிளம்பி, கேப்டவுன், கொச்சி, பினாங்கு என்று துறைமுகம் துறைமுகமாக நின்று போகும். ஒவ்வொரு படகிலும் தொழில்முறை கேப்டன் ஒருவர்தான். மற்றவர்கள் அவளைப் போலச் சாதாரண ஆட்கள். கொச்சியிலிருந்து பினாங்கு வரை ஒரு கட்டத்துக்கு 'பெலிக்கன்' என்ற படகில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறதாம்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். ஆனால் என் வாயில் பயம் பயமாக வெளியே வராது.

"மூணாம் நாளே போன் பண்ணி அழுவ. கூட்டிட்டு வர இங்கேருந்து யாரும் வரமாட்டோம். இந்த வயசுல ஆடுற ஆட்டமா லா இது?" என்றேன்.

வரிசையில் நின்ற வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்து, அதையே இன்னும் சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன். ஹாஜரா கல்லாச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அடுத்த வாரம் கொச்சிக்கு விமானம் ஏறினாள். நான் வழியனுப்பப் போகவில்லை. போயிருந்தாலும் அவள் என் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். அத்தனை வருடத்திலும் நான் அவளிடம் மன்னிப்பு என்ற ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்கு எனக்கு வேறு வழி இருந்தது. சண்டை போட்ட மறுநாள், கூட்டம் நெரியும் நேரத்திலும் நானே கரண்டி பிடித்து அவளுக்கு ஒரு பொட்டலம் கட்டுவேன். மீன் சினைக் கறி, வெண்டைக்காய், எல்லாக் குழம்பையும் கலந்து மேலே ஊற்றி, சோறு உதிரி உதிரியாக. வீட்டுக்குப் போய் மேசையில் வைப்பேன். அவள் பிரிப்பாள், சினையைப் பார்ப்பாள், "உக்காருங்க" என்பாள். அதோடு வழக்கு முடிந்தது. இந்தத் தடவை பொட்டலம் கட்டுவதற்குள் அவள் கடலுக்குப் போய்விட்டாள்.

என் மகள் அஃப்ரீன், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர், என் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். படகுகள் எங்கே இருக்கின்றன என்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை காட்டும். "பாக்கறதுன்னா பாருங்க அத்தா, இல்லாட்டி விடுங்க" என்றாள். நான் எதற்குப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் போனை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இலங்கைக்குத் தெற்கே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எனக்குத் தெரியும். கடை வாசலில் மழை பெய்வது தெரியாது. ஒரு நாள் சமையல்கட்டில் இருந்த சிக்கந்தர், "பாய், அக்கா படகு மூணாவதா வருது, நீலப் படகு பின்னாலயே வருது" என்றான். கடைக்கே தெரிந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒன்பது நாளில் வந்துசேர வேண்டியவர்கள். முதல் இரண்டு படகுகள் வியாழக்கிழமையே வந்துவிட்டன. பெலிக்கனும் நீலப் படகான மிஸ்ட்ரலும் பினாங்குக்குப் பக்கத்திலேயே, முக்கா ஹெட் முனைக்கு மேற்கே, காற்று செத்துப்போய் நின்றுவிட்டன. போட்டியில் இஞ்சினைப் போடக்கூடாதாம். வெள்ளி முழுக்க இரண்டு புள்ளியும் நகரவே இல்லை. சனிக்கிழமை காலை ஹாஜரா மகளுக்கு அனுப்பியிருந்த செய்தியை அஃப்ரீன் எனக்குக் காட்டினாள். எனக்கென்று ஒரு வரி இருக்குமா என்று தேடினேன். இல்லை. "சாப்பாடு குறைஞ்சுபோச்சு. ஒரு வேளைதான், பொடிக் கஞ்சி. காத்து வந்தா சரியாயிடும்" என்று மட்டும் இருந்தது.

பொடிக் கஞ்சி! நாள் முழுக்க ஊருக்கே சோறு போடுகிறவனின் மனைவிக்கு! அதுவும் முக்கா ஹெட்டில், கடையிலிருந்து ஒன்றேகால் மணி நேரத் தூரத்தில்.

யாரிடமும் கேட்கவில்லை. மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அவள் தடுத்திருப்பாள். அவள் வீட்டுக்குப் போனதும் படகிலுள்ள பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு பொட்டலம் கட்டினேன். கேப்டனுக்கு ஒரு கோழிக்கால் அதிகம். ஹாஜராவின் பொட்டலத்தில் சினை மூன்று துண்டு. எல்லாவற்றையும் பெரிய பையில் போட்டு, காரை எடுத்துக்கொண்டு தெலுக் பஹாங் படகுத்துறைக்குப் போனேன். அங்கே சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிப் போகும் முனுசாமியை எனக்குப் பழக்கம்.

"பாய், அது ரேஸ் போட்டுல்ல? கிட்ட போவலாமா?" என்றார் முனுசாமி.

"சோறு குடுக்கப் போறோம் லா. சோறு குடுக்கறவனை யாரு தடுப்பா?" என்றேன்.

கடல் கண்ணாடியாகக் கிடந்தது. அரை மணி நேரத்தில் பெலிக்கனின் பச்சைப் பாய் தெரிந்தது, காய்ந்த துணியைப் போலத் தொங்கிக்கொண்டு. அதற்கு அப்பால் நீலப் படகு. நாங்கள் நெருங்கியதும் பெலிக்கனில் இருந்தவர்கள் எழுந்து கையை ஆட்டினார்கள். பிறகு வாசனை அவர்களை எட்டியது. தாடிக்கார வெள்ளையன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தூக்கினான்.

படகின் ஓரத்துக்கு ஹாஜரா வந்தாள். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, தலையில் துடுங் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். உயிரோடு, முழுசாக இருந்தாள். பையைத் தூக்கிக் காட்டினேன்.

"கிட்ட வராதீங்க!" என்று கத்தினாள்.

இன்னும் கோபம் போகவில்லை என்று நினைத்தேன். "சாப்பிட்டுட்டுக் கோவப்படு!" என்று நானும் கத்தினேன். அதற்குள் கேப்டன், இங்க்ரிட் என்ற நார்வேக்காரப் பெண், ஓடிவந்து இரண்டு கையையும் உயர்த்தி நிறுத்தச் சொன்னார். முனுசாமி இருபது மீட்டர் தள்ளியே இஞ்சினை அணைத்தார்.

"வெளியாளுங்ககிட்டேருந்து ஒரு பிடி சோறு வாங்கினாலும் குத்தம்ங்க. தண்டனையா எங்க கணக்குல ரெண்டு மணி நேரத்தைச் சேத்துடுவாங்க" என்றாள் ஹாஜரா. "மூணாவது இடம் போயிடும். பன்னெண்டு நாளா ராவும் பகலும் முழிச்சு இழுத்துட்டு வந்தது. கெடுத்துடாதீங்க."

நான் என்ன செய்ய இருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் தன் கையால் சம்பாதித்ததை, சோற்றைக் கொண்டுவந்து தட்டிப் பறிக்க இருந்திருக்கிறேன்.

முனுசாமி என் காதருகே வந்தார். "பாய், அந்த நீலப் படகுல குடுத்துட்டா? தண்டனை அவங்களுக்குத்தானே?"

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிடம் யோசித்தேன். அவர்களுக்கும் பசிதானே என்றுகூட எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மிஸ்ட்ரல் பக்கம் திரும்பியும் பார்த்துவிட்டேன்.

"என்ன நெனக்கிறீங்கன்னு தெரியுது. வேணாம்!" என்றாள் ஹாஜரா.

திரும்பிப் போவதுதான் மரியாதை. ஆனால் போக முடியவில்லை. பொட்டலம் என் கையில் இருக்கிறது, அதைக் கொடுக்க வழியில்லை. பொட்டலம் இல்லாமல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. முப்பத்தொரு வருடம் சினைதான் எனக்காகப் பேசியது. அந்தப் பக்கம் பதினொரு வெளிநாட்டுக்காரர்கள், இந்தப் பக்கம் முனுசாமி, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹாஜரா," என்றேன். "அன்னிக்குக் கடையில சொன்னது தப்பு."

அவள் காதில் கையை வைத்தாள். "என்ன? கேக்கல!"

"தப்புன்னேன்! நான் பேசினது தப்பு!"

"இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலங்க!"

எனக்கு வெறி வந்துவிட்டது. பையைக் கீழே வைத்தேன். பிடிக்க ஒன்றுமில்லாமல் நடுப்படகில் நின்றுகொண்டு, கடை முழுக்கக் கேட்கும் என் குரலில் கத்தினேன். "மன்னிச்சிரு ஹாஜரா! அத்தனை பேர் முன்னாடி உன்னைப் பாத்துச் சிரிக்க வெச்சது தப்பு! எனக்குப் பயம்! நீ திரும்பி வரலேன்னா நான் என்ன பண்ணுவேன்னு பயம்! அதான் அப்படி உளறினேன்!"

இங்க்ரிட் சந்தேகத்தோடு ஹாஜராவிடம் ஏதோ கேட்டார். காற்று, வானிலை பற்றித் தகவல் சொன்னாலும் குற்றமாம், நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறார். ஹாஜரா ஆங்கிலத்தில் விளக்கினாள், ஒரு வார்த்தை விடாமல். இங்க்ரிட் கொஞ்சம் யோசித்துவிட்டு, மன்னிப்பு கேட்பது வெளி உதவியில் சேராது என்று தீர்ப்புச் சொன்னார். படகில் எல்லோரும் கை தட்டினார்கள். முனுசாமியும் தட்டினார்.

ஹாஜரா மட்டும் தட்டவில்லை. "சரி, போங்க. சோறு ஆறிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் அதற்கு என்ன அர்த்தம் என்று முனுசாமியைப் போட்டு அரித்தேன். அவர் பாவம், படகோட்டி. அவருக்கு என்ன தெரியும். பொட்டலங்களைத் தெலுக் பஹாங் படகுத்துறையில் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலை காற்று வந்தது. அஃப்ரீனும் நானும் ஸ்ட்ரெயிட்ஸ் கீயில் நின்றோம். பச்சைப் பாயும் நீலப் பாயும் ஒன்றாகவே வளைந்து வந்தன. எது முன்னால் என்று தெரியாமல் நான் பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பெரியவரின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பெலிக்கன் நான்கு நிமிடம் முந்தியது. மூன்றாவது இடம். நான் குதித்த குதியில் என் செருப்பு தண்ணீரில் விழுந்தது.

ஹாஜரா இறங்கியதும் கால் தள்ளாடியது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் இறங்கிய இங்க்ரிட் படகின் குறிப்பேட்டைத் திறந்து என்னிடம் நீட்டினார். போட்டியின்போது யார் கிட்ட வந்தாலும் எழுதிவைக்க வேண்டுமாம். அஃப்ரீன் தமிழில் படித்துச் சொன்னாள்: "மதியம் ஒண்ணு நாப்பது. படகில் உள்ளவரின் கணவர் சாப்பாடு கொண்டுவந்தார். மறுக்கப்பட்டது. இஞ்சினை அணைத்துவிட்டு மூன்று முறை மன்னிப்பு கேட்டார். மூன்று முறையும் தெளிவாகக் கேட்டது."

நான் ஹாஜராவைப் பார்த்தேன். அவள் கண்ணில் சிரிப்பு நின்றது.

"மொதல் தடவையே கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் எதுக்கு?"

"அன்னிக்குக் கடையில நீங்க ரெண்டு தடவை சொன்னீங்க. ஒண்ணு கூட இருக்கட்டும்னு நெனச்சேன்," என்றாள். "ஆனா அன்னிக்கு வரிசையில பதினேழு பேரு நின்னாங்க. நான் எண்ணினேன். நேத்து கேட்டது பன்னெண்டு பேருதான். மிச்சம் அஞ்சு பேருக்குக் கடையில வந்து சொல்லுங்க."

திங்கட்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, வரிசை வாசலைத் தாண்டி நின்ற நேரத்தில், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். படகுக்காரர்கள் அத்தனை பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாஜரா என் பக்கத்தில் நின்றாள். சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும்தான். அதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

வரிசையின் கடைசியில் நின்ற ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார். "அலாவுதீன் பாய், மன்னிப்பு முடிஞ்சிருச்சின்னா சோத்தப் போடுங்க லா. லஞ்ச் டைம் முடியப் போவுது."

போட்டேன்.